மூன்று ஜோடி சாட்சிகள்

அத்தியாயம் 4

காலை பதினோரு மணிக்குள் ஐந்து பேர் அதையே சொல்லிவிட்டார்கள். வாசலில் நோட்டில் கையெழுத்து வாங்கிய காவலாளி, மாடிப்படியில் எதிர்ப்பட்ட எடிட்டர், தேநீர் வைத்துவிட்டுப் போனவர், வரவேற்பறைப் பெண், கடைசியாக ஸ்டுடியோ முதலாளி. ‘பாவம், அந்தம்மாவுக்குக் காது போச்சு.’ ஆளுக்கு ஆள் குரல் மாறியதே தவிர வாசகம் மாறவில்லை.

துப்பறிவாளருக்குக் கோபம் வந்தால் வெளியே சத்தம் வராது. பேச்சு குறையும், அவ்வளவுதான். உதவியாளன் என்று சொல்லிக்கொண்டு அவர் கூடவே திரியும் மைத்துனன் பதினோரு வருடமாக அந்த மௌனங்களைத் தரம் பிரித்து வைத்திருந்தான். பசி மௌனம் ஒன்று, யோசனை மௌனம் ஒன்று, தன் அக்காவோடு சண்டை போட்டுவிட்டு வந்த மௌனம் ஒன்று. முதலாளி பேசி முடித்தபோது அத்தானிடம் வந்து உட்கார்ந்தது இந்த மூன்றிலும் சேராதது. மைத்துனன் தன் தேநீரை மடமடவென்று குடித்துவிட்டு, அத்தானின் கண்ணாடி டம்ளரையும் அவர் கைக்கு எட்டாத தூரத்துக்கு நகர்த்தி வைத்தான்.

அந்த ஸ்டுடியோவின் தலைமை மிக்ஸிங் எஞ்சினியர் ஒரு பெண். வசனம், இசை, காலடி, கதவுச் சத்தம், இடி என்று ஒரு படத்தில் எது எவ்வளவு கேட்க வேண்டுமோ அதை எடைபோட்டு, ஒன்றாகச் சேர்த்துத் தருவது அவள் வேலை. பத்து வருடமாக அங்கே எல்லோரும் அவளை ‘காது’ என்றே கூப்பிட்டார்கள். பக்கத்து அறை மின்விசிறியின் பேரிங் தேய்ந்திருப்பதை இருந்த இடத்திலிருந்தே சொல்லக்கூடியவள். குழந்தை பிறந்து ஐந்து மாத விடுப்புக்குப் பின் திரும்பி வந்தவள் முதலில் செய்தது ஒரு புயல் படம். அவசர வெளியீடு, தியேட்டரில் ஒருமுறை போட்டுப் பார்க்கக்கூட முதலாளி நேரம் தரவில்லை. வெளியான அன்று எல்லா ஊர்த் தியேட்டரிலும் ஒரே கதை. புயல் அடித்தபோது யாரோ காகிதம் கசக்குவதுபோல் கேட்டது. கதாநாயகன் தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசினான். சாவுக் காட்சியில் ஜனங்கள் சிரித்தார்கள்.

இன்று மாலை நான்கு மணிக்கு ஒலிப்பதிவாளர் சங்கத்தின் செயலாளர் இதே ஸ்டுடியோவுக்கு வந்து, அவளுடைய உறுப்பினர் அட்டையை ரத்து செய்வதா என்று முடிவு சொல்லப் போகிறார். அட்டை போனால் இனி எந்த ஸ்டுடியோவிலும் அவளுக்கு நாற்காலி கிடையாது.

ஆனால் துப்பறிவாளரைக் குடைந்துகொண்டிருந்தது அட்டை அல்ல. முந்தாநாள் அவருடைய அலுவலகத்துக்கு வந்தவள் அழவில்லை. காது டாக்டர் பரிசோதித்து எல்லாம் சரி என்று எழுதிக்கொடுத்த தாளை மேசையில் வைத்தாள். அதைத் தானே நம்பவில்லை என்றும் சொன்னாள். இப்போதெல்லாம் குழந்தையைத் தன் வயிற்றோடு ஒட்டித்தான் படுக்க வைக்கிறாளாம். தொட்டிலில் விட்டால், அது அழுவது தனக்குக் கேட்காமல் போய்விடுமோ என்று பயமாம்.

ஒருத்தியின் வேலையைப் பறிப்பது ஒரு குற்றம். அவளுடைய காதையே அவளுக்கு எதிரியாக்குவது வேறு ரகம். காவல்துறையில் இருந்த காலத்தில் தான் கண்ணால் பார்த்த ஒன்றை, ‘மழையில் தவறாகப் பார்த்திருக்கலாம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவர் துப்பறிவாளர். யாரும் மிரட்டவில்லை. நாலு பேர் தோளில் கைபோட்டு, அன்பாகத்தான் பேசினார்கள். பிறகு ஒரு வருடம் தெருவில் எதிரே வந்த முகங்களையே அவர் இரண்டு தடவை பார்த்தார். அந்த அன்பு எப்படிப்பட்டது என்று அவருக்குத் தெரியும்.

முதலாளியின் வாதம் எளிமையானது. அறையில் கோளாறு இல்லை. திங்கள்தோறும் அளவுக்காரர் வந்து ஸ்பீக்கர்களை அளந்து சரிசெய்கிறார். புகார் வந்த பிறகு வெளியிலிருந்து இரண்டு நிபுணர்களை வரவழைத்தும் அளந்தாயிற்று, எல்லாம் கச்சிதம். இதற்கு மேலும் சாட்சி வேண்டுமா? அவளுடைய கணவனும் இங்கேதான் இரண்டாவது எஞ்சினியர். அவள் காலையில் புயல் படம் செய்த அதே மாதம், அதே அறையில், அதே ஸ்பீக்கர்களில், பிற்பகலில் அவன் ஒரு குத்துச்சண்டைப் படம் செய்தான். தியேட்டரில் ஒவ்வொரு குத்தும் பார்க்கிறவன் நெஞ்சில் விழுகிறது. அறை ஒன்று, ஸ்பீக்கர் ஒன்று. வித்தியாசம் எங்கே?

“காதுலதான் சார்” என்று முதலாளி தன் காதையே தொட்டுக் காட்டினார்.

துப்பறிவாளர் எழுந்துகொண்டார். அறையைப் பார்க்கவேண்டும் என்று மட்டும் சொன்னார்.

மிக்ஸிங் அறைக்குள் நுழைந்ததும் வெளியுலகம் துணியால் துடைத்தாற்போல் காணாமல் போயிற்று. சுவரெல்லாம் பஞ்சும் மரச்சட்டமும். நடுவில் கட்டில் அகலத்துக்கு, குமிழும் பொத்தானும் நிரம்பிய ஒரு கன்சோல், அதன்முன் ஒரு நாற்காலி. மைத்துனன் கைதட்டிப் பார்த்தான். சத்தம் பிறந்த இடத்திலேயே செத்தது. வீட்டில் இப்படி ஓர் அறை கட்டினால் அக்காவும் அத்தானும் ஆயுசுக்கும் சண்டையே போட்டதாகத் தெரியாது என்று அவன் அபிப்பிராயம் சொன்னான். அத்தானிடமிருந்து பதில் வராததால் அந்த அபிப்பிராயமும் பஞ்சுக்குள் போயிற்று.

அளவுக்காரர் அறுபதை நெருங்கும் மனிதர். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை; பையில் நான்கு பேனா. ஸ்பீக்கர்களை அறிமுகப்படுத்தும்போது சொந்தக்காரர்களை அறிமுகப்படுத்துவதுபோல் செய்தார். சுவருக்குள் பதித்த பெரிய ஜோடி, பதினைந்து வயது. ஸ்டாண்டில் நிற்கும் நடுத்தர ஜோடி, ஆறு வயது. கன்சோல் மேலே புத்தகம் அளவுக்கு உட்கார்ந்திருக்கும் சின்ன ஜோடி, போன வருடம் வந்தது. மூன்றும் மூன்று கம்பெனி, மூன்று குணம். வீட்டு டிவியில் எப்படிக் கேட்கும், தியேட்டரில் எப்படிக் கேட்கும் என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கத்தான் இத்தனை. ஆனால் அளவு மட்டும் மூன்றிலும் ஒன்றாக இருக்கவேண்டும்.

“ஒண்ணு பொய் சொன்னா இன்னொண்ணு காட்டிக்கொடுத்துடும் சார். அதுக்குத்தான் மூணு” என்றார் பெருமையாக.

அளந்தும் காட்டினார். எஞ்சினியர் உட்காரும் நாற்காலியில், தலை இருக்கவேண்டிய உயரத்தில், பேனா கனத்தில் ஒரு மைக்கை நிறுத்தினார். ஒரு பொத்தானைத் தட்டியதும் அறை முழுக்க ஒரே சீரான இரைச்சல் கொட்டியது. அதில் உலகத்துச் சத்தமெல்லாம் தாழ்ந்ததிலிருந்து உயர்ந்தது வரை சம பங்காகக் கலந்திருக்கிறதாம். அக்கா கோபத்தில் சமையலறைக் குழாயை முழுசாகத் திறந்துவிட்டால் இதே சத்தம்தான் வரும், அதற்கு இவ்வளவு பெரிய கட்டிடம் தேவையில்லை என்றான் மைத்துனன்.

கணினித் திரையில் ஒரு கோடு வந்தது. பெரிய ஜோடி: நேர்க்கோடு. நடுத்தர ஜோடி: அதே கோடு. சின்ன ஜோடி: அதே. மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தபோது ஒரே கோடாகத் தெரிந்தது.

“விடுப்பு முடிஞ்சு வந்த முதல் நாளே அந்தம்மா பேஸ் அதிகமா இருக்குன்னு சொன்னாங்க” என்றார் அளவுக்காரர். பேஸ் என்றால் இடி, டிரம், ஆண்குரலின் அடிப்பாகம் முதலான தாழ்ந்த சத்தங்கள். “அவங்க கண்ணெதிர்லயே ரெண்டு தடவை அளந்து காட்டினேன். கோடு நேரா நிக்குது. அப்புறம் அவங்களே ஒத்துக்கிட்டாங்க.”

“என்னன்னு?”

“தன் காதுதான் தப்புன்னு.”

இந்தத் தொழிலில் அப்படித்தானாம். காதுக்குத் தூக்கம் வரும், சளி பிடிக்கும், ஆசை வரும்; மைக்குக்கு ஒன்றும் வராது. காதும் மைக்கும் மோதினால் மைக் பக்கம் நிற்பதுதான் நல்ல எஞ்சினியருக்கு அடையாளம். அவள் நல்ல எஞ்சினியர். அதனால்தான் விழுந்தாள் என்று துப்பறிவாளருக்குத் தோன்றியது. கெட்டிக்காரி இல்லாத ஒருத்தியாக இருந்திருந்தால் கோட்டை நம்பாமல், அறையில்தான் கோளாறு என்று காதை நம்பித் தப்பித்திருப்பாள்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். ஐந்து நிமிடம் ஆயிற்று. பத்து ஆயிற்று. அளவுக்காரர் இருமினார். மைத்துனன் உதட்டில் விரல் வைத்துக் காட்டினான். இது யோசனை ரகம்.

அவர் நினைத்துக்கொண்டிருந்தது ஒரு பழைய நீதிமன்ற விவகாரத்தை. மூன்று தெருவிலிருந்து மூன்று சாட்சிகள்: ஒரு கிழவர், ஒரு தையல்காரர், ஒரு கல்லூரி மாணவி. மூன்று பேரும் ஒரே வாசகத்தை, ஒரு சொல் பிசகாமல் சொன்னார்கள். நீதிபதி மெச்சினார். மூன்று பேரும் நிஜத்தைப் பார்த்திருந்தால் மூன்று விதமாக அல்லவா சொல்லியிருப்பார்கள் என்று அப்போது யாருக்கும் உறைக்கவில்லை. மூவருக்கும் பாடம் சொல்லிக்கொடுத்தவன் ஒருவன்.

கண்ணைத் திறந்தார்.

“மூணு ஜோடிக்கும் பாடம் சொல்லிக்கொடுக்கிறது யாரு?”

அளவுக்காரருக்குப் புரியவில்லை. துப்பறிவாளர் நாற்காலியோரத்தில் நின்ற மைக்கைச் சுட்டிக்காட்டினார். வெளியிலிருந்து வந்த நிபுணர்கள் எந்த மைக்கால் அளந்தார்கள் என்று கேட்டார். இதே மைக்தான் என்றார் அளவுக்காரர்; அறைக்கென்று வாங்கியது இருக்கும்போது அவர்கள் ஏன் தங்களுடையதைச் சுமந்து வரவேண்டும்? ஆக, சாட்சி சொன்னது மூன்று ஜோடி அல்ல, அந்த இரண்டு நிபுணரும் அல்ல. எல்லோர் வாயிலிருந்தும் பேசியது இந்த ஒரே மைக்.

“மைக் எப்படி சார் பொய் சொல்லும்?” அளவுக்காரரின் குரல் கொஞ்சம் சூடாயிற்று. எந்த மைக்கும் பூரணமாகப் பிறப்பதில்லை என்று அவரே விளக்கினார். ஒன்று தாழ்ந்த சத்தத்தைக் கூட்டிக் கேட்கும், இன்னொன்று உயர்ந்ததைக் குறைத்துக் கேட்கும். தொழிற்சாலையில் ஒவ்வொரு மைக்கையும் சோதித்து, அதன் குறையை ஒரு கோப்பில் எழுதித் தருவார்கள். அந்தக் கோப்பைக் கணினியில் ஏற்றினால், மைக் தப்பாகக் கேட்பதைக் கணினி திருத்திக்கொள்ளும்.

கோப்போடு அச்சடித்த தாள் ஒன்றும் வந்திருக்குமே என்று துப்பறிவாளர் கேட்டார். வந்திருக்கும். மைக்கின் பெட்டியைத் திறந்தார்கள். மூடியின் உட்புறத்தில் தாளுக்கென்றே தைத்த பை இருந்தது. பை காலி.

“கணினியில கோப்பை ஏத்தினது யாரு?”

“நான்தான்.” அளவுக்காரர் உடனே சொன்னார். கொஞ்சம் அதிகமாகவே உடனே. “வேற யாரு?”

அவர் கண் துப்பறிவாளரின் கண்ணைப் பார்க்காமல் பேனாக்களைப் பார்த்தது. இதற்கிடையில் மைத்துனன் மைக்கைக் கையில் எடுத்து, வளையல் கடையில் பெண்கள் பார்ப்பதுபோல் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அத்தான், தாளை எடுத்தவன் இதோட இடுப்பைப் பாக்கலை. நம்பர் போட்டிருக்கு.”

செல்பேசியை எடுத்துக்கொண்டு நடைபாதைக்குப் போனான். தொழிற்சாலையின் இணையப் பக்கத்தில் நம்பரைத் தட்டினால் கோப்பு வந்து விழும் என்று கண்டுபிடிக்க அவனுக்குப் பத்து நிமிடம் போதுமானதாக இருந்தது. திரும்பி வந்து, செல்பேசியைக் கணினித் திரைக்குப் பக்கத்தில் பிடித்தான்.

தொழிற்சாலையின் கோடு தரையில் நீட்டி விட்ட கயிறுபோல் கிடந்தது. ஸ்டுடியோ கணினியில் இருந்த கோடோ தாழ்ந்த சத்தங்கள் பக்கம் போகப் போக மேலே ஏறியது. ‘இந்த மைக் பேஸை ஐந்து டெசிபல் கூட்டிச் சொல்லும், நம்பாதே’ என்று கோப்பு சொல்லியிருக்கிறது. கணினி நம்பிக் கழித்திருக்கிறது. கழித்ததால் பேஸ் குறைவதாகத் திரை காட்ட, அளவுக்காரர் மூன்று ஜோடியிலும் யோக்கியமாக அதை ஏற்றி வைத்திருக்கிறார். அறை முழுக்கப் பொய்யான பேஸ். அவள் காது சரியாகத்தான் கேட்டது. அதிகம் என்று சொன்னாள். கோட்டைக் காட்டி வாயை அடைத்தார்கள். கடைசியில், அறை சரி என்று நம்பி, இங்கே அளவாகக் கேட்கும்வரை படத்தின் பேஸைக் குறைத்தாள். பொய் இல்லாத தியேட்டருக்குப் போனபோது புயல் காகிதமாயிற்று.

அளவுக்காரர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். முகம் சாம்பல் பூத்துவிட்டது. கோப்பை ஏற்றியது யார் என்று துப்பறிவாளர் மறுபடி கேட்டார். கிழவர் மறுபடியும் நான்தான் என்றார்.

வெளியே வந்ததும் மைத்துனன் கேஸை முடித்துவைத்தான். “பெட்டி அவர்கிட்ட, மைக் அவர்கிட்ட, கோப்பும் அவரே ஏத்தினாராம். போலீஸுக்குப் போன் பண்ணட்டுமா, இல்லை அந்த நாலு பேனாவுல ஒண்ணுல அவரையே எழுதிக்கொடுக்கச் சொல்லலாமா?”

“எப்படின்னு தெரிஞ்சுடுச்சு. யாருன்னு தெரியலை.”

“அதான் தெரிஞ்சுடுச்சே.”

“அந்த மனுஷனுக்குப் பொய் சொல்லத் தெரியலைடா. இதைச் செஞ்சவனுக்கு நல்லா வரும்.”

நடைபாதையின் கோடியில், ஜன்னலோரப் பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கணவன். அவளுடைய கைப்பை அவன் தோளில் தொங்கியது. குழந்தை பாட்டில் பால் குடித்துவிட்டதா என்று வீட்டுக்குப் போன் செய்து விசாரித்துக்கொண்டிருந்தான். நல்ல மாதிரியான மனிதன், மென்மையான குரல், எழுந்து நின்று வணக்கம் சொன்னான். வந்த இருவரையும் தனியாக அழைத்துப் போய், மனைவியை வற்புறுத்தவேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். பிள்ளை பெற்ற உடம்பு. காதும் கொஞ்ச நாளைக்கு அப்படி இப்படித்தான் இருக்கும். அவள்தான் ஒப்புக்கொள்ள மறுக்கிறாள். ஸ்டுடியோவில் ஒவ்வொருவரிடமும் தானே போய், அவளுக்குக் காது போச்சு, பாவம், கோபித்துக்கொள்ளாதீர்கள் என்று சொல்லிவைத்திருக்கிறான். சங்கத்திடம் அட்டையை அவளாகவே ஒப்படைத்துவிடலாம் என்பது அவன் யோசனை.

துப்பறிவாளர் அவனையே பார்த்துக்கொண்டு நின்றார். கணவன் கைப்பையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினான்.

பிறகு துப்பறிவாளர் மிகவும் சாதுவாக ஓர் உதவி கேட்டார். அறையைப் பற்றிச் சங்கம் வீணாகக் கிளறிக்கொண்டிருக்கும்; அதை முதலிலேயே முடித்துவிடலாம். குத்துச்சண்டைப் படத்தை அவன் எப்படிச் செய்தான் என்று நாலு வரி எழுதித் தரமுடியுமா?

தாராளமாக, என்றான். பெஞ்சில் உட்கார்ந்து எழுதினான். எழுதியதைத் துப்பறிவாளர் படித்தார்.

“ஹெட்போன்ல சரிபாத்தீங்களா?”

கணவன் லேசாகச் சிரித்தான். ஹெட்போனில் மிக்ஸ் பண்ணுகிறவனை இந்தத் தொழிலில் எஞ்சினியர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். அப்படியானால் வேறு ஸ்டுடியோவிலோ தியேட்டரிலோ போட்டுப் பார்த்தானா? அதற்கும் அவசியப்படவில்லை. இந்த அறையில் என்ன கேட்டதோ அதுதான் வெளியிலும் கேட்டது. துப்பறிவாளர் அதையும் எழுதித் தரச் சொன்னார். அவன் அழகான கையெழுத்தில் எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்டுக் கொடுத்தான்.

மாடிப்படி திரும்பும்வரை மைத்துனன் பொறுத்துக்கொண்டான். “நம்ம கட்சிக்காரருக்கு எதிரா நாமளே சாட்சி வாங்கிட்டு வர்றோம். அத்தான், நம்ம எந்தப் பக்கம்னு எனக்கு மட்டுமாவது சொல்லுங்க.”

துப்பறிவாளர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பையின் பொத்தானை இழுத்துப் போட்டதில் அது கையோடு வந்துவிட்டதை மைத்துனன் பார்த்தான். அதற்கு மேல் அவன் நகைச்சுவை செய்யவில்லை.

நான்கு மணிக்குச் சங்கச் செயலாளர் வந்தார். கனத்த உடம்பு, களைத்த முகம், கையில் அவளுடைய கோப்பு. முதலாளி, அளவுக்காரர், கணவன், அவள் எல்லோரும் மிக்ஸிங் அறையில் கூடினார்கள். அவள் கன்சோல் முன்னால் இருந்த தன் நாற்காலியில் உட்காரவில்லை, பின்சுவரோரம் நின்றாள்.

துப்பறிவாளர் மைக்கின் கோப்பு விஷயத்தை அதிகம் நீட்டாமல் சொன்னார். மைத்துனன் இரண்டு கோடுகளையும் காட்டினான். செயலாளர் பழைய ஒலிப்பதிவாளர், பாதியிலேயே புரிந்துகொண்டார். நிஜக் கோப்பை ஏற்றி அளக்கச் சொன்னார். அளந்தார்கள். மூன்று ஜோடியின் கோடும் சேர்ந்தாற்போல் தாழ்ந்த பக்கத்தில் வீங்கி நின்றது.

செயலாளர் மெதுவாக அளவுக்காரர் பக்கம் திரும்பினார். முப்பது வருடப் பழக்கம் என்றும் பார்க்காமல் வார்த்தைகளை வீசினார். கோப்பை ஏற்றியவன், தாளை ஒளித்தவன், ஒரு பெண்ணின் பிழைப்பைக் கெடுத்தவன். கிழவர் தலை நிமிரவில்லை. முதலாளி, தனக்கு ஆரம்பத்திலிருந்தே அந்த ஆள்மேல் சந்தேகம் என்றார்.

“அவர் இல்லை” என்றார் துப்பறிவாளர்.

சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து, முழுசாகப் படித்தார். இதே அறை. இதே மூன்று ஜோடி. ஹெட்போன் கிடையாது. வெளியே எங்கும் சரிபார்க்கவில்லை. ஆனாலும் குத்துச்சண்டைப் படம் எல்லாத் தியேட்டரிலும் சரியாக ஒலித்தது.

“காலையில இருந்து இதைத்தான் எல்லாரும் இந்தம்மாவுக்கு எதிரா சொல்லிட்டிருக்காங்க. ஒரே அறை, ஒரே ஸ்பீக்கர், அவருக்கு மட்டும் சரியா வந்துச்சுன்னு.” துப்பறிவாளர் கணவனைப் பார்த்தார். “அறை அஞ்சு டெசிபல் பொய் சொல்லுது. நேர்மையா இதுல வேலை செஞ்ச யாருக்கும் படம் மெலிஞ்சுதான் போயிருக்கணும். இவங்களுக்குப் போச்சு. உங்களுக்குப் போகலை. எவ்வளவு பொய்னு முன்னாடியே தெரிஞ்ச ஆளாலதான் இந்த அறையில சரியா செய்ய முடியும்.”

கணவன் வாயைத் திறந்தான். துப்பறிவாளர் தாளைத் தூக்கிக் காட்டினார், அவன் மூடிக்கொண்டான்.

அப்போதுதான் அளவுக்காரர் பேசினார். கணினிப் புரோகிராம் புதிதாக வந்தபோது தனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வெளியே தெரிந்தால் வயசாகிவிட்டது என்று அனுப்பிவிடுவார்கள். இந்தத் தம்பிதான், நான் ஏத்தித் தர்றேன், யாருகிட்டயும் சொல்லவேண்டாம் என்று தோளில் தட்டினான். அவள் விடுப்பில் போன இரண்டாவது வாரம். கிழவரின் கண்ணில் நீர் நின்றது, ஆனால் அது அழுகை அல்ல. “என் கையாலயே திங்களுக்குத் திங்கள் அவங்க கழுத்தை அறுக்க வெச்சுட்டியே” என்று அவனை நோக்கி அடியெடுத்து வைத்தார். மைத்துனன் குறுக்கே புகுந்து பிடித்துக்கொண்டான். அடிக்கிறதாக இருந்தால் க்யூவில் நிற்கவேண்டும், முதல் இடம் தன் அத்தானுக்கு என்று அவர் காதருகே சொன்னான். யாரும் சிரிக்கவில்லை; அவனும்தான்.

கணவனின் மென்மையான குரல் எங்கேயோ போய்விட்டது. “பத்து வருஷம்” என்றான். “எங்க போனாலும், காதோட புருஷனா நீங்கன்னுதான் கேப்பாங்க. எனக்குன்னு ஒரு படம் வரட்டும்னு நினைச்சேன். அவ வீட்டுல இருந்துட்டா குழந்தைக்கும் நல்லதுதானே?”

துப்பறிவாளர் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார். கட்டாவிட்டால் என்ன ஆகும் என்று அவருக்கே நிச்சயமில்லை.

பின்சுவரோரம் நின்றவள் நடந்து வந்தாள். கணவனுக்கு எதிரே வந்து நின்றாள்.

“முதல் ரீலைக் கார்ல போட்டுக் கேட்டேன். மெலிசா இருக்குன்னு சொன்னேன். கார் ஸ்பீக்கர் பழசுன்னீங்க.”

அவன் தரையைப் பார்த்தான்.

“போன வாரம் குழந்தை அழுதுச்சு. எனக்குக் கேட்டுச்சு. ஓடினேன். இல்லை, அது தூங்குது, உனக்குத்தான் ஏதோ கேக்குதுன்னீங்க.” அவள் குரல் உயரவே இல்லை. “அதோட கன்னம் ஈரமா இருந்துச்சு. அப்பவும் உங்களைத்தான் நம்பினேன்.”

செயலாளர் தொண்டையைச் செருமினார். அட்டைக்கு இனி ஒன்றும் வராது, சங்கமே எழுத்தில் வருத்தம் தெரிவிக்கும் என்று ஆரம்பித்தார். அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள். அட்டை இருக்கட்டும், தனக்கு ஒன்று தெரிந்தாகவேண்டும் என்றாள். திரையை அணைக்கச் சொன்னாள். மைக்கை எடுத்துவிடச் சொன்னாள்.

ஆறு வாரத்துக்குப் பிறகு தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். உடனே எதையும் தொடவில்லை. கை மடியிலேயே கிடந்தது. துப்பறிவாளருக்கு அந்தத் தயக்கம் தெரிந்தது. இத்தனை ருசுவுக்குப் பிறகும் உள்ளே ஒரு மூலையில் நாலு பேரின் அன்பான குரல் பேசிக்கொண்டே இருக்கும். அதை வாதத்தால் வெளியேற்ற முடியாது.

பொத்தானைத் தட்டினாள். இரைச்சல் கொட்டியது. பெரிய ஜோடியின் பேஸ் குமிழை மெல்லத் திருகினாள், கொஞ்சம் போய், திரும்பி வந்து, ஒரு மயிரிழை தாண்டி, நிறுத்தினாள். நடுத்தர ஜோடிக்கு மாறினாள். அதற்கு வேறு அளவு. சின்ன ஜோடிக்கு வேறு. கால்மணி நேரம் ஆயிற்று. மூன்றையும் மாற்றி மாற்றி ஒருமுறை கேட்டாள். பிறகு கையை எடுத்துவிட்டு, அளவுக்காரரைப் பார்த்துத் தலையசைத்தாள்.

கிழவர் மைக்கை வைத்தார். நிஜக் கோப்போடு அளந்தார். ஒரு தடவை பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“அரை டெசிபல்” என்றார். “மூணுலயும் சேத்து அரை டெசிபல்தான் வித்தியாசம். மைக்கை வெக்கிறப்போ என் கை நடுங்குறதே அதைவிட அதிகம் அம்மா.”

அவள் கண்ணை மூடித் திறந்தாள். தோள் இரண்டும் ஒரு விரற்கடை இறங்கின. அவ்வளவுதான்.

முதலாளி கைகளைப் பிசைந்துகொண்டு பக்கத்தில் வந்தார். நடந்தது நடந்துவிட்டது, இரண்டு நாள் ஓய்வெடுத்துக்கொண்டு வந்தால் போதும் என்று இழுத்தார். புயல் படத்தின் முதல் ரீலை ஏற்றுங்கள் என்றாள் அவள். இன்றைக்கேவா என்றார் அவர். அவள் கன்சோலின் விளக்குகளை ஒவ்வொன்றாகப் போட ஆரம்பித்தாள்.

கணவன் மட்டும் கைப்பையைத் தோளில் மாட்டியபடியே நின்றுகொண்டிருந்தான். வீட்டில் போய்ப் பேசிக்கொள்ளலாம், குழந்தை தேடும் என்றான், பழைய மென்மையைக் கொஞ்சம் மீட்டுக்கொண்டு. அவள் எழுந்து வந்து அவன் தோளிலிருந்து பையைக் கழற்றி வாங்கிக்கொண்டாள்.

“அது அழுதா எனக்குக் கேக்கும்” என்றாள். “நீங்க கதவை வெளியில இருந்து சாத்திட்டுப் போங்க.”